பத்தாம் எண்ணை வைத்துக்கொள்வதா, விடுவதா

பந்தாட்டக் கிளப் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். பர்மியில் எழுதியிருக்கலாம். எனக்குக் கோபம் வருவது தமிழில்தான், அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.

ஓர் ஆட்டக்காரனின் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய உட்காரும்போது முதலில் எதைப் பார்ப்பீர்கள்? அன்றைக்கு உங்களில் ஒருவர் மடிக்கணினியைத் திறந்து கட்டம் கட்டமாகக் காட்டினார். எத்தனை பாஸ், எவ்வளவு ஓட்டம், எத்தனை கோல், நல்லதெல்லாம் பச்சை, கெட்டதெல்லாம் சிவப்பு. நன்றாகத்தான் இருந்தது. அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது என்று நான் அலுத்துக்கொள்ளப் போவதில்லை. இருந்திருந்தால் நானும் பயன்படுத்தியிருப்பேன். ஆனால் நான் சொல்லப்போகிற ஆட்டக்காரனுக்கு அத்தனை கட்டங்களும் பச்சையாகத்தான் இருந்திருக்கும். அவனைப் பற்றி எங்கள் குழு எடுத்த முடிவுதான் நான் வேலை பார்த்த காலத்தில் எடுத்ததிலேயே மோசமானது. அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. யாங்கூனுக்கு அக்கரையில், தன்லியினில் இருக்கிற அவன் அம்மாவுக்கும் தெரியாது.

நான் அணி மேலாளராக இருந்தேன். பெயர்தான் பெரிது. பேருந்து பிடிப்பது, விடுதிச் சமையலைப் பார்ப்பது, நடுவர்களிடம் திட்டு வாங்குவது, இவைதான் வேலை. கூடவே ஒப்பந்தக் குழுவில் ஒரு நாற்காலி. குழு என்றால் முதலாளி, தலைமைப் பயிற்சியாளர், நான். என் வீட்டில் எல்லோரும் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து யாங்கூன் நகர நடுவில் கியாக்டடா அலுவலகங்களில் பேனா பிடித்தவர்கள். பந்துக்குப் பின்னால் ஓடிய முதல் ஆள் நான்தான் என்பதில் அம்மாவுக்குக் கடைசி வரை மனத்தாங்கல்.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் ஒரு பர்மியப் பெரியவர் இருந்தார். ஒரு கோல்கீப்பரை வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்க அவர் ஆட்டத்துக்கே வரவில்லை. தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு பேருந்தில் ஏறி, அவன் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று பார்த்தார். யாரும் உட்காரவில்லை. அனுப்பிவிடு என்றார். அடுத்த வருடம் அந்தக் கோல்கீப்பர் வேறு அணிக்குப் போய்ப் பிரமாதமாக ஆடி எங்களையே தோற்கடித்தான். ஆகவே பெரியவர்கள் சொல்வதெல்லாம் வேதம் இல்லை, நான் சொல்வதும் சேர்த்துத்தான். ஆனால் ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் அவனைச் சுற்றி இருப்பவர்களைப் பார் என்கிற அந்தப் பழக்கம் மட்டும் என்னிடம் ஒட்டிக்கொண்டது.

இனி ஜெயா. அடையாள அட்டையில் அவன் பெயர் ஸேயா. தன்லியின் வீட்டில் ஜெயபாலன். இங்கே இருக்கிற தமிழ் ஆட்களில் பாதிப் பேருக்கு இப்படி இரண்டு பெயர் உண்டு, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, கோவிலுக்கு ஒன்று. அவனுடைய பாட்டன் பூட்டன் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர்கள். அம்மா ஆடைத் தொழிற்சாலையில் வேலை. அவன் எங்கள் நடுக்கள ஆட்டக்காரன், பத்தாம் எண் சட்டை. பந்து எங்கே கிடைத்தாலும் முதலில் அவனுக்குத்தான் போகும், அவன் பார்த்துத்தான் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பான். அவன் சளி பிடித்துப் படுத்தால் அந்த வாரம் எங்களுக்குத் தோல்விதான் என்று கேலி செய்வோம், அது கேலியும் இல்லை.

அந்தப் பருவத்தில் அவன் ஆட்டத்தில் ஒரு புது வழக்கம் வந்தது. பந்து வருவதற்கு முன்பே தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருப்பான். வர்ணனையாளர்கள் உருகினார்கள். மைதானம் முழுவதையும் மனத்தில் படம் பிடித்து வைத்துக்கொள்கிறான், வெளிநாட்டுத் தரம் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவன் ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடிகிறது. நீட்டிப்பதைப் பற்றிப் பேசுவதற்கே ஒன்றும் இல்லை என்றுதான் மூன்று பேருமே இருந்தோம்.

பயிற்சிக்கு முன்னால் பையன்கள் சின்லோன் ஆடுவார்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான், பிரம்புப் பந்தைக் கீழே விழாமல் காலாலும் முழங்காலாலும் தட்டிக்கொண்டே இருப்பது. வட்டமாக நிற்பார்கள், நடுவில் ஒருவன் ஆடுவான், சுற்றி நிற்பவர்கள் அவனுக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பார்கள். அதில் எதிரணியே கிடையாது. அதனால் ஒருவன் ஏமாற்றவும் முடியாது, ஒளியவும் முடியாது. ஒரு நாள் மழை விட்டதும் ஜெயா நடுவில் ஆடிக்கொண்டிருந்தான். மந்தலேயிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு தடுப்பாட்டக்காரன் வட்டத்தில் சேர்ந்தான். அவன் கொடுத்த பந்து ஜெயாவின் இடது தோளுக்கு மேலே மெதுவாக வந்து இறங்கியது. குழந்தைகூட எடுத்துவிடக்கூடிய பந்து. ஜெயா அசையவே இல்லை. பந்து தோளில் பட்டுக் கீழே விழுந்த பிறகுதான் திரும்பினான்.

அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. எனக்கு உறைத்தது அடுத்து நடந்ததுதான். மற்ற நான்கு பேரும் புதியவன் மேல் பாய்ந்தார்கள். பந்து போட்டவன்மேல் என்ன கோபம்? பிறகு நின்று பார்த்தேன். ஒவ்வொருவனும் பந்தை ஜெயாவின் வலது பக்கத்துக்கே கொடுத்தான். இடது பக்கம் நின்றவன்கூட வளைத்து வலது பக்கத்துக்கு அனுப்பினான். அன்று சாயங்காலமே பழைய ஆட்டங்களின் பதிவைப் போட்டுப் பார்த்தேன். அங்கேயும் அதே கதை. அவனுக்கு இடது பக்கமிருந்து ஒரு பந்தும் வரவில்லை, அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று இடது பின்வரிசைக்காரன் ஆட்டம் முழுக்க அவனுக்குக் கத்திச் சொல்லிக்கொண்டே இருந்தான். எங்கள் அணி முழுவதும் சேர்ந்து ஒருவனுக்குக் கண்ணாக இருந்து ஆடிக்கொண்டிருந்தது, மேலாளருக்கு மட்டும் தெரியவில்லை.

உடை மாற்றும் அறையில் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு அவனிடம் கேட்டேன். காலணி நாடாவை அவிழ்த்தபடியே சொன்னான். முந்தைய பருவத்தில் ஓர் ஆட்டத்தில் எதிராளியின் முழங்கை இடது கண்ணில் பட்டிருக்கிறது. வீக்கம் வடிந்துவிட்டது, பார்வை திரும்பவில்லை. நகரத்துக்குள்ளேயே லான்மடா பக்கம் ஒரு கண் டாக்டரிடம் ரகசியமாகப் போயிருக்கிறான். உள்ளே பார்வை நரம்பு செத்துவிட்டது, வெளியே பார்த்தால் தெரியாது, சரி செய்யவும் முடியாது என்றிருக்கிறார் டாக்டர். இனிமேல் பந்தாட வேண்டாம், இடது பக்கமிருந்து வருகிறவனைப் பார்க்க முடியாது, இன்னோர் அடியில் நல்ல கண்ணும் போய்விடலாம் என்றும் சொல்லியிருக்கிறார். கிளப்புக்குத் தெரியக்கூடாது என்று அங்கே வீட்டுப் பெயரைக் கொடுத்திருந்தான். சீட்டில் ஜெயபாலன் என்றுதான் இருந்தது.

“அங்கிள், ஒப்பந்தம் முடிஞ்சா நான் விடுதியை விட்டுப் போகணும். விடுதியை விட்டுப் போனா என் பேரைக் குலுக்கல்ல போட்டுருவாங்க. நீங்க வாயைத் திறக்காம இருந்தா போதும். கண்ணை நான் பாத்துக்கறேன்.”

குலுக்கல் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீடுகளிலும் அண்ணன் தம்பிகள் இருப்பார்கள். படைக்கு ஆள் எடுக்கும் சட்டம் வந்த பிறகு ஒவ்வொரு வார்டிலும் இளைஞர்கள் பெயரைக் குலுக்கி எடுத்தார்கள். ஆண்கள் வேலைக்கு வெளிநாடு போவதும் அடைபட்டது. எங்கள் விடுதிப் பையன்களை மட்டும் யாரும் தொடவில்லை. எந்தச் சட்டத்திலும் அப்படி ஒரு விலக்கு இல்லை. முதலாளி யாரிடமோ பேசியிருந்தார், அவ்வளவுதான். அதனால் அந்த வருடங்களில் எங்கள் கிளப்பில் ஒப்பந்தம் என்பது பந்தாட்டச் சமாச்சாரமாக இல்லாமல் போய்விட்டது. அதை நீட்டித்தால் ஒருவன் இங்கே இருப்பான், நீட்டிக்காவிட்டால் இருக்கமாட்டான்.

கூட்டத்தில் சொல்லப்போகிறேன் என்று அவனிடமே சொல்லிவிட்டேன். அந்த அறைக்கு வெளியே ஒருவரிடமும் சொல்லமாட்டேன், அறைக்குள் மறைக்கவும் மாட்டேன் என்றேன். அவன் பையை எடுத்துக்கொண்டு போனான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மா தன்லியினிலிருந்து பேருந்து ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். கண்ணைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது. காப்பி கொடுத்தோம், குடிக்கவில்லை.

“அவன் ஆடலேன்னாலும் சரிண்ணே, கோல் போடலேன்னாலும் சரி. எப்படியாச்சும் அங்கனேயே வச்சிருங்க.”

 நான் செய்யப்போவது சரியா என்று அன்றைக்கு முழுக்கச் சந்தேகமாக இருந்தது. இருந்தும் கூட்டத்தில் பேசினேன்.

நான் சொன்னது இதுதான். அவனை ஆட்டக்காரனாக நீட்டிக்க வேண்டாம். அடையாள அட்டையில் இருக்கிற பெயரிலேயே பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டுவோம், ஊரறியச் சொல்லுவோம், காயத்தால் ஓய்வு என்று அறிவிப்போம். விடுதியில் இளையவர்களுக்குப் பயிற்சி கொடுக்கட்டும். நாளைக்கு அவன் பெயர் குலுக்கலில் வந்தாலும் அந்தக் கண்ணே அவனுக்காகப் பேசும். ஒரு கண் தெரியாதவனைப் படைக்கு எடுக்கமாட்டார்கள்.

முதலாளி கெட்டவர் இல்லை. அதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும். ஜெயாவின் அம்மா நோயில் விழுந்தபோது தன் காரை அனுப்பியவர் அவர். அவர் என்னைச் சயா என்றுதான் கூப்பிடுவார், வாத்தியாரையும் பயிற்சியாளரையும் இங்கே கூப்பிடுகிற மாதிரி. நான் பேசி முடித்ததும் கேட்டார்:

“சயா, நான் பேசி வச்சிருக்கறது ஆட்டக்காரங்களுக்குத்தான். பயிற்சி கொடுக்கறவனுக்கு இல்லை. ஓய்வுன்னு அறிவிச்ச மறுநாளே அவனைக் கூட்டிட்டுப் போனா, அவனைத் தூக்கிக் கொடுத்தது யாரு, நானா நீங்களா?”

 உங்கள் பேச்சு எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று உங்களுக்கே தெரியாது, கண் இல்லை என்பது சாகிற வரைக்கும் மாறாது என்றேன். தலைமைப் பயிற்சியாளர் மேசையைப் பார்த்துக்கொண்டு, அவன் இருந்தால்தான் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் இருக்கும் என்றார். உண்மை. அது மட்டும்தான் அந்த அறையில் பந்தாட்டத்தைப் பற்றிப் பேசிய பேச்சு. இரண்டுக்கு ஒன்று, நீட்டிப்பது என்று முடிந்தது.

இங்கே ஒன்று சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் நீட்டிப்பது சம்பள விவகாரம் என்று நினைக்காதீர்கள். ஒரு மனிதனைப் பற்றி நீங்கள் ஊருக்குச் சாட்சி சொல்கிறீர்கள். இவன் நன்றாக இருக்கிறான், இவனால் முடியும், நாங்கள் பார்த்துவிட்டோம் என்று. நீங்கள் அதைச் சொன்னது உங்கள் ரசிகர்களுக்காக இருக்கலாம். ஆனால் கேட்கிறவர்கள் அவர்கள் மட்டும் இல்லை.

நீட்டிப்பைப் பெரிய விழாவாக வைத்தார்கள். எங்களுக்கு விளம்பரம் தருகிற குளிர்பானக் கம்பெனியின் செலவு. பூமாலை, மேளம், புதுச் சட்டை. ஜெயா ஆளில்லாத மைதானத்தில் நின்று ஒரு ஃப்ரீ கிக் அடித்தான். நின்ற பந்து, நின்ற கோல், ஒற்றைக் கண்ணே தாராளம். பந்து மூலையில் போய் விழுந்ததை மெதுவாக ஓடவிட்டு, பாட்டுப் போட்டு, ஸேயா எங்களோடுதான் என்று எழுதி முகநூலில் போட்டார்கள். யாங்கூன் முழுக்கப் பார்த்தது. விழாவில் அவன் என்னோடு பேசவில்லை. எனக்கு அது வலித்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

முதலாளி பேசி வைத்திருந்த ஆள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அவ்வளவுதான் நடந்தது. யாரும் துரோகம் செய்யவில்லை. புதிதாக வந்தவருக்கு எங்கள் விடுதி வார்டில் இன்னொரு வீடு, அதில் இருந்தவர்கள் இளைஞர்கள். குலுக்கலில் விடுதிப் பெயர்களும் சேர்ந்தன, முதல் முறையே ஸேயா பெயர் வந்தது. முதலாளி ஒரு நாள் முழுக்கத் தொலைபேசியும் கையுமாக இருந்தார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, மருத்துவச் சோதனைக்கு நீங்கள் கூடப் போங்கள் சயா என்றார்.  அந்தக் கண் டாக்டரின் சீட்டை எடுத்துக்கொண்டு போனோம். பேருந்தில்தான் ஜெயா மறுபடியும் என்னோடு பேசினான்.

“கோவமா அங்கிள்?”

இல்லை என்றேன். பேசியபடி என் இடது பக்கத்துக்கு மாறி உட்கார்ந்தான், அப்போதுதான் அவனுக்கு என்னைத் தெரியும்.

ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில் சோதனை. வரிசையில் நின்ற பையன்கள் அவனை அடையாளம் கண்டு சிரிக்கப் பார்த்தார்கள், யாருக்கும் சரியாகச் சிரிப்பு வரவில்லை. டாக்டர் இளைஞர், களைத்துப்போயிருந்தார். ஜெயாவைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். அவர் எங்கள் ரசிகர்.

இடது கண் தெரியாது என்று ஜெயா சொன்னான். டாக்டர் ஒரு நொடி விளக்கை அடித்து மேலோட்டமாகப் பார்த்தார். கண் பளிச்சென்று இருந்தது. எழுத்துப் பலகையைக் காட்டினார். தெரியவில்லை என்றான். அன்றைக்கு அந்த வரிசையில் வந்தவர்களில் பாதிப் பேர் தெரியவில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். நான் சீட்டை நீட்டினேன். டாக்டர் அதையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

“இதுல ஜெயபாலன்னு இருக்கு. இவர் ஸேயா. இது யாரோட கண்ணு?”

எங்களுக்கு இரண்டு பெயர் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் தொலைபேசியை எடுத்து ஃப்ரீ கிக் படத்தைப் போட்டு என் முன்னால் வைத்தார். பந்து மெதுவாகப் போய் மூலையில் விழுந்தது, மேளம் அடித்தது.

“இது போன மாசம் உங்க கிளப் போட்டது. கண்ணு தெரியாத ஆளோட ஒப்பந்தத்தை எந்தக் கிளப்பாவது நீட்டிக்குமா?”

“நாங்க நீட்டிச்சோம் டாக்டர். தெரிஞ்சேதான் நீட்டிச்சோம். அந்தக் கூட்டத்துல நானும் இருந்தேன்.”

என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான உண்மையை நான் பேசியதில்லை. அவர் கோபப்படவில்லை.

“பெரியவரே, உங்க ஆளுக்காகப் பேசறீங்க. தப்பில்லை. இங்க வர்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு மாமா இப்படித்தான் வர்றாரு.”

முத்திரை குத்தினார். உடல் தகுதி உண்டு.

நான் கூட்டத்தில் சொன்ன வழியில் போயிருந்தால் அவன் தப்பித்திருப்பான் என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆஸ்பத்திரிச் சீட்டையும் நம்பாமல் போயிருக்கலாம், முதலாளி பயந்தபடி மறுநாளே கூட்டிக்கொண்டும் போயிருக்கலாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அன்று அந்த மேசையில் அவனுக்கு எதிராக வேறு யாரும் சாட்சி சொல்லவில்லை. நாங்கள் அன்போடு செய்த காரியம்தான் சொன்னது. நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரும்போது, இவனை வைத்துக்கொண்டால் நமக்கு என்ன, விட்டால் நமக்கு என்ன என்று கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். அதற்கு மேல் ஒரு கேள்வி இருக்கிறது. நாம் சொல்லப்போகிற இந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு அவன் எங்கெல்லாம் போய் நிற்க வேண்டியிருக்கும்? அதையும் கேளுங்கள். கட்டங்களில் அதற்கு நிறம் கிடையாது.

நாங்கள் கிளம்பும்போது டாக்டர் கூப்பிட்டார். கொஞ்சம் கூச்சத்தோடு, ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். ஜெயா சரி என்றான், ரசிகர்கள் கேட்டு அவன் ஒருநாளும் மறுத்ததில்லை. டாக்டர் மேசையைச் சுற்றி வந்து அவனுக்கு இடது பக்கம் நெருங்கி நின்று தொலைபேசியை உயர்த்தினார். ஜெயா சிரித்த முகத்தோடு வலது பக்கம் திரும்பினான். அங்கே யாரும் இல்லை. பிறகு முன்னால் பார்த்தான், மறுபடியும் வலது பக்கம் பார்த்தான்.

“டாக்டர், உங்களைத்தான் தேடறான் பாருங்க” என்றேன்.

அவர் படம் சரியாக விழுகிறதா என்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.